சனிக் கிரகமும் டிக்கெட்காரம்மாவும்

கோளரங்கத்திலேயே வேலை பார்க்கிறவள் உள்ளே போய் ஒரு காட்சிகூடப் பார்த்ததில்லை என்றால் யார் நம்புவார்கள்? நம்பித்தான் ஆகவேண்டும். காட்சி தொடங்கியதும் கதவைச் சாத்திவிட்டு, அடுத்த காட்சிக்கு நிற்கிற வரிசையைக் கவனிக்கக் கவுண்டரில் உட்கார்ந்துவிடுவாள் டிக்கெட்காரம்மா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. உள்ளே இருட்டில், வானத்தில் சுட்டிக்காட்டுகிற ஒளி அம்பைக் கையில் பிடித்து நின்று சனிக் கிரகத்தைப் பற்றி விளக்கம் சொல்கிறவர் அவள் வீட்டுக்காரர். அவரை எல்லாரும் வானத்துக்காரர் என்பார்கள்.

கவுண்டருக்கும் அரங்குக்கும் நடுவே ஒரு சுவர்தான். அவர் குரல் நன்றாகவே கேட்கும். "இந்தக் கிரகத்தைத் தூக்கித் தண்ணியில போட்டா மிதக்குமாம். அவ்வளவு பெரிய தொட்டிக்கு எங்க போறது? அதான் யாரும் போட்டுப் பாக்கலை." உள்ளே சிரிப்பார்கள். இவள் சீட்டைக் கிழித்துக்கொண்டே கூடவே உதட்டை அசைப்பாள். வளையங்களுக்கு வருவதற்கு முன் அவர் தொண்டையைச் செருமி ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். அந்தச் செருமல்கூட அவளுக்கு அத்துப்படி.

ஒரே ஓர் இடம்தான் பிடிபடவில்லை. கடைசியில், "இதுக்கு எத்தனை நிலா பாருங்க! எண்ணி முடிக்கிறதுக்குள்ள புதுசா இன்னொண்ணைக் கண்டுபிடிச்சிடறாங்க. ஆனா எனக்கு..." என்று இழுத்து, மைக்கைத் தள்ளி வைத்துக்கொண்டு ஏதோ சொல்வார். அது மட்டும் சுவரைத் தாண்டி வராது. கொல்லென்று சிரிப்பு வரும். கதவு திறந்ததும் வெளியே வருகிற கூட்டம் அவளைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே போகும். முகத்தில் மை ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்று, மேசை இழுப்பறையில் ஒரு சின்னக் கண்ணாடியே வாங்கி வைத்துவிட்டாள்.

"அப்படி என்னதான் சொல்லித் தொலைக்கறீங்க?"

"ஒரு நாள் உள்ள வந்து கேளேன்."

"வரேன். கவுண்டர்ல உங்க அப்பா வந்து உக்காருவாரா?"

அதோடு பேச்சு முடிந்துவிடும்.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்தார்கள். ஆள் பிழைத்தார், குரல் பிழைக்கவில்லை. வாயாடி மனுஷர், வீட்டில் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதை அவளால் பார்க்கச் சகிக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்தால் சாப்பிட்டார். எடுத்தால் விட்டுவிட்டார். அதற்கு அவர் சண்டை போட்டிருந்தாலும் தேவலை.

மேனேஜர் நல்லவர்தான். "யாரையாவது வச்சுக் குரலைப் பதிவு பண்ணிப் போட்டுக்கறோம் அக்கா. அண்ணன் வீட்ல நிம்மதியா இருக்கட்டும்" என்றார்.

"அவருக்கு நிம்மதியே இங்கதான் இருக்கு. அம்பை அவர் பிடிக்கட்டும். நான் பேசறேன்."

"நீங்க ஒரு தடவைகூட உள்ள வந்ததில்லையே, அக்கா!"

"பார்த்ததில்லை. கேட்டிருக்கேன் இல்ல?"

மேனேஜர் தலையைச் சொறிந்தார். ஒரு காட்சி பார்ப்போம், சரியாக வரவில்லையென்றால் பதிவுதான் என்று சொல்லிவிட்டு, தானே கவுண்டரில் போய் உட்கார்ந்தார்.

விளக்குகள் அணைந்தன. அவர் ஒரு மூலையில், இவள் இன்னொரு மூலையில். மைக் இவள் கையில். தலைக்கு மேல், வளையங்கள் சூழ, மங்கலான மஞ்சளில் அந்தக் கிரகம் மெல்ல எழுந்துவந்தது. இத்தனை காலம் காதால் மட்டுமே கேட்டுவந்தது இவ்வளவு அழகா? டிக்கெட்காரம்மாவுக்கு வாய் அடைத்துவிட்டது.

கூட்டம் நெளிந்தது. ஒரு குழந்தை, "அம்மா, கெட்டுப்போச்சா?" என்று கேட்டது. அப்போது ஒளி அம்பு கிரகத்தின் வயிற்றைத் தட்டித் தட்டிக் காட்டியது. 'ஆரம்பி' என்று அவர் தோளைத் தட்டிச் சொல்வது போலவே இருந்தது.

"இந்தக் கிரகத்தைத் தூக்கித் தண்ணியில போட்டா..." என்று தொடங்கினாள். அதன்பிறகு தங்குதடையில்லை. வளையங்களுக்கு முன் கச்சிதமாகச் செருமினாள். தண்ணீர் குடிக்கிற நேரம் நின்றாள், கையில் தம்ளரே இல்லாமல். எதிர் மூலையில் அவர் தோள்கள் குலுங்குவது மங்கலாகத் தெரிந்தது. சத்தம் வராவிட்டால் என்ன, மனுஷர் சிரிக்கிறார்! வளையம் முழுக்கப் பனிக்கட்டியும் கல்லும்தான் என்றாள்; அம்பு சுற்றி வந்தது. நிலாக்களைச் சொன்னாள், அம்பு ஒவ்வொன்றாகத் தொட்டது.

"...புதுசா இன்னொண்ணைக் கண்டுபிடிச்சிடறாங்க. ஆனா எனக்கு..."

நின்றுவிட்டாள். இதற்கு மேல் அவளுக்குத் தெரியாது. தெரிந்தவரால் சொல்ல முடியாது. அரங்கம் காத்திருந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

அம்பு கடைசி நிலாவை விட்டு நகர்ந்தது. வளையங்களைத் தாண்டி, நட்சத்திரங்களைத் தாண்டி, வானத்தை விட்டே இறங்கி, கதவுக்குப் பக்கத்துச் சுவரில் வந்து நின்றது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் கவுண்டர். அவள் நாற்காலி.

அம்பு அசையவில்லை.

தன்னைப் பார்த்துச் சிரித்துப்போன அத்தனை முகங்களும் அவளுக்கு நினைவு வந்தன. இவளோ கண்ணாடியில் மையைத் தேடிக்கொண்டிருந்தாள்! மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"ஆனா எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். அதோ, அந்த மூலையில அம்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. போகும்போது அதைப் பார்த்து ஒரு தடவை சிரிச்சிட்டுப் போங்க."

கொல்லென்று சிரித்தார்கள். சுவரில் அம்பின் வெளிச்சம் நடுங்கியது.

விளக்குகள் எரிந்தன. கூட்டம் அவரைக் கடந்து சிரித்துக்கொண்டே வெளியேறியது. கண்ணைத் துடைக்கவும் தோன்றாமல் அவரும் எல்லாருக்கும் சிரித்தார். மேனேஜர் கதவிடுக்கில் தலையை நீட்டி, "கவுண்டருக்கு வேற ஆள் பார்த்துடறேன், அக்கா" என்றார்.

வீட்டுக்குக் கிளம்பும்போது டிக்கெட்காரம்மா இழுப்பறையைத் திறந்து கண்ணாடியை எடுத்துக்கொண்டாள். புதிதாக வருகிற பெண்ணைப் பார்த்து யாரும் அப்படிச் சிரிக்கப்போவதில்லை.