லரோசா வீட்டு மாடுகள் திரும்பி நின்ற கதை

கன்றுகளுக்குச் சூடு போட்ட அன்று லரோசா வீட்டு மாடுகள் அத்தனையும் அந்தக் குடும்பத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றன. அதன் பிறகு வெகுகாலம் அவற்றின் முகத்தை அந்த வீட்டார் யாரும் பார்க்கவில்லை. உருகுவேயின் வடக்கே, தாக்குவாரெம்போவுக்கு அப்பாலுள்ள மேய்ச்சல் நிலங்களில் இது எல்லோருக்கும் தெரியும். அந்த வருஷம் உண்ணி அதிகம், கம்பளிக்கு விலை இல்லை, லரோசா மாடுகள் திரும்பி நின்றன என்று ஒரே மூச்சில் சொல்வார்கள்.

நெமேசியோ லரோசா கெட்டவர் இல்லை. முந்தின கோடையின் வறட்சி அவர் மந்தையில் பாதியைக் கொண்டுபோயிருந்தது. கன்றுகளுக்கு வீட்டு அடையாளக் குறியைச் சூடு போடும் நாளில் அவருக்கு உதவ, எல்லா வருஷமும் போல, அண்டைப் பண்ணையின் கிறிசாந்தோ வியேரா விடிந்ததும் குதிரையேறி வந்துவிட்டார். நெமேசியோவின் மகள் சுல்மாவுக்கு ஞானஸ்நானத்தின்போது ஞானத்தகப்பனாக நின்றவர் அவர். அந்த உறவில் ஆண்கள் இருவரும் ஒருவரையொருவர் கும்பாரி என்றே கூப்பிட்டார்கள். மாடுகளைப் பட்டிக்குள் ஓட்டியதும் கிறிசாந்தோதான், முரட்டுக் கன்றுகளைச் சுருக்குக் கயிறு வீசிப் பிடித்ததும் அவர்தான். ஒரு காளைக்கன்று இழுத்த இழுப்பில் அவருக்குத் தோள் பிசகியது. நெமேசியோவின் மனைவி தெல்மிரா கொழுப்பு தேய்த்துத் துணியால் கட்டி, அவரை யூகலிப்டஸ் நிழலில் உட்காரவைத்து, குடிக்க மாத்தே இலைத் தேநீர் கொடுத்தாள்.

“கைதான் போச்சு, வாய் இருக்குல்ல? அந்த அடுப்பைக் கவனி தாயி, கறி தீயுது,” என்றார்.

அவர் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோதுதான், வெள்ளை முகமும் வரிபோட்ட உடம்புமாக ஒரு கிடாரிக் கன்று பட்டியிலிருந்து வந்தது. அந்த வெள்ளை முகம் கிறிசாந்தோவின் காளைக்குப் பிறந்த கன்றுகளுக்கு மட்டுமே உண்டு. அவருடைய தாய்ப்பசு மழைக்கால ஓடை வெள்ளத்தில் போய்விட, கன்று வேலி இடுக்கில் நுழைந்து லரோசா மந்தையோடு சேர்ந்திருந்தது. நெமேசியோ அதன் காலைக் கட்டிக் கீழே சாய்த்தார். தலையை அழுத்திப் பிடிக்க வேண்டியவள் சுல்மா.

“அப்பா, இது ஞானத்தகப்பனோட கன்னுல்ல?”

“பிடி.”

“அவரு அங்கதான் உக்காந்திருக்காரு. ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

“பிடின்னேன்ல!”

சுல்மா பிடித்தாள். தெல்மிரா பழுத்த சூட்டுக்கோலை வேறெங்கோ பார்த்தபடி கணவரிடம் நீட்டினாள். தோல் பொசுங்கி லரோசா வீட்டுக் குறி பதிந்தது. அவிழ்த்துவிட்டதும் கன்று எழுந்து, மூவரையும் பார்த்துவிட்டு, மெதுவாகத் திரும்பி நின்றது. அடுத்து அதன் பக்கத்தில் நின்ற பசு திரும்பியது. பிறகு பட்டி முழுவதும், காற்றுக்குப் புல் சாய்வதுபோல.

அன்று நல்ல விலாத் துண்டெல்லாம் கிறிசாந்தோவின் தட்டுக்கே போனது. கிளம்பும்போது அவர் மந்தையைப் பார்த்து, “எல்லாம் திரும்பி நிக்குதே கும்பாரி, மழை வருமோ?” என்றார். “வரும், வரும்,” என்றார் நெமேசியோ. மழை வரவில்லை.

நெமேசியோ சுற்றி வந்தால் மாடுகளும் சேர்ந்து சுற்றின. மற்றபடி பால் கொடுத்தன, ஓட்டினால் போயின, கன்று ஈன்றன. பிறந்த கன்றுகளும் கால் நடுங்க எழுந்து, முதல் வேலையாகத் திரும்பி நின்றன. சந்தையில் ஆட்கள் வந்து பார்த்தார்கள்; ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததுதான் நெமேசியோவைத் தின்றது. தெல்மிரா தேவாலயப் பூசைக்குப் போவதை விட்டாள். சுல்மாவின் கல்யாணத்துக்குக் கிறிசாந்தோ புதுச் சேணம் ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்து, எல்லோரோடும் ஆடிச் சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சேணத்தில் அவள் ஒருநாளும் ஏறி உட்காரவில்லை.

சுல்மாவுக்கு மகள் பிறந்த பிறகு ஒரு காலையில் அவள் தகப்பனிடம், “நீங்க வரலைன்னா நானே ஓட்டிட்டுப் போறேன்,” என்றாள். மூவருமாக அந்த வெள்ளை முகத்துப் பசுவையும் அது ஈன்றவற்றையும் ஓட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஓட்டிப்போகிறவர்களுக்கு மாட்டின் பின்பக்கம் தெரிவது இயல்பு என்பதால், வழியில் பார்த்தவர்களுக்கு வித்தியாசமாக எதுவும் தோன்றவில்லை.

கிறிசாந்தோ வாசலுக்கு வந்தார். நெமேசியோ தொப்பியைக் கழற்றினார். “கும்பாரி, இது உன்னோடது.”

“தெரியும்.”

“எப்போலேருந்து?”

“அன்னைக்கே. தோல் பொசுங்குற வாசத்துக்குத் திரும்பிப் பாத்தேன். கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா? உன் நெலமை எனக்குத் தெரியாதா? சாப்பிடும்போது சொல்லுவியோன்னு பாத்தேன். கல்யாணத்துல சொல்லுவியோன்னு பாத்தேன்.”

வசவு வாங்கத் தயாராக வந்தவர் நெமேசியோ. இதற்குத் தயாராக வரவில்லை. அப்போது அந்தப் பசு திரும்பி அவரை நேராகப் பார்த்தது. கோபம் இல்லாத, ஈரமான, பெரிய கண்கள். இத்தனை வருஷமாக அவர் ஏங்கியது இந்த ஒரு பார்வைக்குத்தான். அது கிடைத்ததும் தாங்க முடியாமல் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.

“கும்பாரி, அதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிவிடேன்,” என்றார்.

கிறிசாந்தோ கொம்பைப் பிடித்துத் திருப்பிவிட்டார்.

வீட்டிலிருந்த மற்ற மாடுகள் திரும்பவில்லை. யாரும் திருப்ப முயலவும் இல்லை. வாங்க வருகிறவர்கள் பின்னால் நின்றபடியே எடை சொல்லப் பழகிவிட்டார்கள். சுல்மாவின் மகள் பள்ளியில் மாடு வரையச் சொன்னபோது ஒரு வாலையும் இரண்டு பின்னங்கால்களையும் வரைந்து கொடுத்தாள். அந்தப் பக்கத்துக்காரியான ஆசிரியை அதற்கு முழு மதிப்பெண் போட்டார்.