ரெண்டு பிட்டு

1

இந்தக் கதைக்குக் காரணம் என் சோம்பேறித்தனம். வேறொரு கட்டுரைக்காக அகராதியைப் புரட்டப் போய், 'பிட்' என்ற இத்துனூண்டு ஆங்கிலச் சொல்லில் மாட்டிக்கொண்டேன். ஆதியில் அது 'கடி'தானாம். கடித்தெடுத்த துண்டு பிட். குதிரை வாயில் மாட்டும் இரும்பு பிட். சுவரைக் கடித்துத் துளைக்கும் டிரில் முனையும் பிட். (கணினியின் பிட் மட்டும் வேறு வீட்டுப் பிள்ளை, 'பைனரி', 'டிஜிட்' என்ற இரண்டு சொற்களை நறுக்கி ஒட்டியது.) பரீட்சைக்கு ஒளித்துக் கொண்டுபோகும் சீட்டைப் பிட் ஆக்கியது நம் சாமர்த்தியம்.

கட்டுரை போயிற்று, கதை வந்தது.

2

முதல் தொடக்கம்: 'அன்று வானம் கறுத்துக்'

வேண்டாம். வானத்துக்கு இதில் வேலையில்லை.

இரண்டாவது: டிரில் அக்கா தேர்வு மையத்துக்குள் நுழைந்ததும், வாசலில் நின்ற அவள் புருஷன் ஊருக்கே கேட்கக் கத்தினான்:

"அடியே, பிட்ட விட்டுட்டுப் போறியே!"

இதுதான் தொடக்கம்.

3

அக்கா சுவரில் துளை போட்டு அலமாரியும் கண்ணாடியும் மாட்டித் தருபவள். வேலை அவளுடையது, உரிமம் கொழுந்தனுடையது. அதனால் பில்லும் அவன் பெயரில், பாராட்டும் அவனுக்கு. தன் பெயரில் உரிமம் வாங்கத்தான் இந்தத் தேர்வு. காலையில் எழுத்து, பிற்பகலில் செய்முறை; டிரில் பிட்டை அவரவரே கொண்டுவர வேண்டும். இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. காப்பியடித்ததாகப் பிடிபட்டால் இனி ஜென்மத்துக்கும் எழுத முடியாது.

சத்தம் கேட்டு வந்த கண்காணிப்பாளர் அம்மாள், அக்காவிடம் புருஷன் நீட்டிய பொட்டலத்தைப் பிடுங்கிப் பிரித்தார். உள்ளே இரும்பு பிட். அதைச் சுற்றியிருந்ததோ, அக்கா படித்துப் படித்துக் கசங்கிய பாடக்குறிப்புத் தாள்!

"ரெண்டு பிட்டா?" என்றார் அம்மாள்.

"கூர் கையைக் குத்துமேன்னு சுத்தினேங்க," என்றான் புருஷன். (இவனை நல்லவனாகப் படைத்தது என் தவறோ என்று இங்கே சந்தேகம் வந்தது. கெட்டவன் இப்படி வம்பில் மாட்டிவிட மாட்டான்.)

4

அக்கா அழுதபடி வெளியே

இல்லை. மூன்று முறை எழுதிப் பார்த்தேன். கண்ணீர் வரவில்லை, எனக்குத்தான் கை வலித்தது. அவள் நிமிர்ந்து நின்றாள்.

"மேடம், தாள நீங்களே வச்சுக்கோங்க. அதுல எங்க வேணா கேளுங்க. ஒண்ணு தப்பினாலும் நானே போயிடறேன்."

"டைல்ஸ்ல எப்படித் துளை போடுவீங்க?"

"டிரில்லுல இடிக்கிற ஹேமர அணைச்சுட்டு, மெதுவா சுத்தவிடணும். அவசரப்பட்டா விரிஞ்சிடும்."

"எந்த இடத்துல போடவே கூடாது?"

"சுவிட்சுக்கு நேர் மேல, நேர் கீழ. உள்ள வயர் ஓடும்."

அம்மாள் தாளைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். பிட்டு அடிக்க வந்தவள் என்று பெயர் வாங்கியவள் எல்லாவற்றையும் பிட்டுப் பிட்டு வைத்தாள். (இந்தப் பிட்டு நம்முடையது. அகராதிக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.) எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல் இருந்தது. தட்டினேன்.

"தாள் என்கிட்ட இருக்கட்டும். போய் எழுதுங்க," என்றார் அம்மாள்.

5

முடிவு ஒன்று: அவள் தோற்கி

அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: பிற்பகலில் சோதனைச் சுவரில் அவள் போட்ட துளைக்குள் அம்மாள் விரலை விட்டுப் பார்த்தார். ஒரு பிசிறில்லை.

"எங்க வீட்டுல ஒரு கண்ணாடி மாட்டணும். பில்லு யார் பேர்ல போடுவீங்க?"

"என் பேர்ல, மேடம்!"

உரிமத்தில் முத்திரை விழுவதை நான் எழுதப்போவதில்லை. முத்திரைக்கட்டையை உங்கள் கையில் தருகிறேன். ஓங்கிக் குத்துங்கள்.