ஜீப்புக்கு வழி

பெட்டியைப் பிரேத ஊர்தியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே ஒஸ்வால்ட் தன் ஜீப்பின் முன்கதவைத் திறந்து பிடித்தான்.

"அக்கா, ஏறுங்கோ. அத்தானை அடக்கம் செய்யிற சேமக்காலை வரைக்கும் உங்களால நடக்க ஏலாது."

பேர்ணடெற் ஏறினாள். இரண்டு நாளாகத் தம்பி ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தான். அத்தான் ஓட்டிய சின்னக் கார் இனி வேண்டாம், மகளுக்கு ஒரு ஜீப் வாங்கிக் கொடுங்கோ.

அவள் புருஷன் ஹியூபேட் செத்தது ஆமர் வீதியில். பின்னால் ஒரு பெரிய கறுப்பு ஜீப் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. அந்த யுத்த வருடங்களில் கொழும்பில் அப்படி வந்தால் உள்ளே மந்திரி, சுற்றிவரத் துப்பாக்கி. எல்லாரும் செய்வதைத்தான் ஹியூபேட்டும் செய்தார். யோசிக்காமல் இடப்பக்கம் வெட்டினார். அங்கே ஒரு லொறி நின்றது. ஜீப்பில் வந்தவர் மந்திரியுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. தளபாடக் கடைக்காரர் ஒருவர், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"அத்தான் இதுக்குள்ள இருந்திருந்தா ஒரு கீறலும் விழுந்திருக்காது," என்றான் ஒஸ்வால்ட். "செக்பொயின்ற்றிலயும் சல்யூட் அடிச்சு விடுறாங்கள். பிள்ளைக்கு ஒண்டு பாத்து வச்சிருக்கிறன். ஓம் எண்டு சொல்லுங்கோ."

அவன் சொன்னதில் பிழையில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சல். மகள் தினமும் அதே வீதியால்தான் வேலைக்குப் போகிறாள். அவளையும் பறிகொடுக்கப் பேர்ணடெற்றால் முடியாது. ஜீப்புக்குள் உயரமாக, குளிராக, சத்தமில்லாமல் இருந்தது. ஓம் சொல்லத்தான் வாயெடுத்தாள்.

சந்தியில் ஊர்திக்கும் ஜீப்புக்கும் இடையே ஒரு சின்ன வெள்ளைக் கார் புகுந்தது. ஒஸ்வால்ட் ஹோர்னை அழுத்தினான். காரிலிருந்த முதியவர் கண்ணாடியில் பார்த்தார். பார்த்ததும் பதறிப்போய்க் காரை நடைபாதையில் ஏற்றினார். அங்கே அன்னாசி விற்றுக்கொண்டிருந்தவள் துள்ளி விலகினாள்.

"பாத்தீங்களோ? வழி தானா வருது."

"நிப்பாட்டு."

"ஏனக்கா?"

"நிப்பாட்டடா. உன்ர அத்தானும் இப்பிடித்தான் வழி விட்டவர். பிள்ளைக்கு இது வேண்டாம்."

"சின்னக் கார்ல போய் அவளுக்கும் ஏதும் நடந்தா?"

"பயம்தான். அதுக்காக அவள் இன்னொருத்தரை லொறிக்குள்ள தள்ளவேண்டாம்."

முதியவர் இன்னும் ஸ்டியறிங்கை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தார். அவள் இறங்கிப்போய், "நீங்க போங்கோ ஐயா, இது மந்திரியில்லை, செத்தவீடு," என்றாள்.

பிறகு, மெல்ல நகர்ந்த ஊர்திக்குப் பின்னால், வீதியின் நடுவால் நடக்கத் தொடங்கினாள். ஜீப் அவளுக்குப் பின்னால் முதலாம் கியரில் ஊர்ந்து வந்தது. ஒஸ்வால்ட் ஹோர்ன் அடிக்கவில்லை.