மாற்றி ஒட்டிய பட்டை

"இதயத்துல கோளாறு இல்லம்மா. ரத்தக்கட்டி வேற எங்கேருந்தோ வந்து மூளையில அடைச்சிருக்கு," என்றார் டாக்டர் குமரகுரு.

குஞ்சம்மாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டிலில் அவள் புருஷன் சோலைமுத்து. வலது கையும் காலும் விழுந்து, வாய் கோணி, பேச்சு போய்க் கிடந்தார். பெரும்பாறைத் தோட்டத்தில் மிளகு பறிக்க மரத்தில் ஏணியைச் சாத்தியவர், அதில் கால் வைக்கும் முன்னாலேயே சரிந்துவிட்டார்.

"கோளாறு இல்லைன்னு எப்படிங்க டாக்டர் சொல்றீங்க?" திருப்பூரிலிருந்து ஓடி வந்திருந்த மகன் மதன் கேட்டான்.

"போன மாசம் ஒரு வாரம் பூரா நெஞ்சுல துடிப்பு பாக்குற பட்டை ஒட்டியிருந்தாருல்ல? துடிப்பு மொத்தமும் கம்ப்யூட்டர்ல பதிவாயிருக்கு. கடிகாரம் மாதிரி ஓடியிருக்கு. இங்க மாட்டின மிஷின்லயும் இதுவரைக்கும் சரியாத்தான் இருக்கு. துடிப்பு தப்புறவருன்னா, ரத்தம் உறையாம இருக்க வேற மாத்திரை குடுக்கணும். தப்பாதவருக்கு அதைக் குடுத்தா வீண் ஆபத்து."

மதன் பக்கத்தில் நின்ற நர்ஸ் கேத்தரினிடம் திரும்பினான். செண்பகனூர்ப் பெண். விரல் வைத்தால் துடிப்பைக் காட்டும் சின்னக் கருவியோடு மலை ஊர்களில் முகாம் போடுகிறவள். சோலைமுத்துவுக்குப் பட்டை ஒட்டியதும் அவள்தான்.

"முகாம்ல துடிப்பு தப்புதுன்னீங்க. அப்புறம் ஒண்ணுமில்லைன்னீங்க. எதுங்க நெசம்?"

கேத்தரின் முகம் சுண்டிவிட்டது. "எங்க மிஷின்லதான் கோளாறா இருக்கும் தம்பி. இனிமே முகாமுக்கு அதைக் கொண்டுபோக வேண்டாம்னு சொல்லிடறேன்."

மிஷினில் கோளாறு இல்லை என்பது அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். அதில் ஒருவருக்குப் பேச்சு இல்லை.

போன மாசம் மிளகு பறிப்பு மும்முரம். பட்டை ஒட்டிய மறுநாள் வெள்ளனே எழுந்து சோலைமுத்து அதைப் பிய்த்து வைத்துவிட்டார்.

"ஏங்க, கழட்டவே கூடாதுன்னு அந்தப் பொண்ணு படிச்சுப் படிச்சு சொல்லுச்சே!"

"ஏ புள்ள, ஏறும்போது சட்டை விலகுனா தெரியாதா? கங்காணி இதைப் பாத்தான்னா ஏணியைத் தொட விடமாட்டான். கீழ உக்காந்து பொம்பளைகளோட உதிரி மிளகு பொறுக்குன்னுருவான். இத்தனை வருசம் மரத்து மேல நின்னவன் நான்."

அதற்குள் போன் அடித்தது. கேத்தரின். "அண்ணே, என் போன்ல ஒங்க துடிப்புக் கோடு வரலையே! பட்டை உரிஞ்சு கெடக்கா? மாத்துப் பட்டை குடுத்தேன்ல, வெரசா ஒட்டுங்க."

"பாத்தியா, செண்பகனூர்ல இருந்துக்கிட்டே கண்டுபிடிச்சுட்டா," என்று சோலைமுத்து தலையைச் சொறிந்தார். "நீ ஒட்டிக்க புள்ள. சாயங்காலம் வந்து நான் மாட்டிக்கிறேன்."

"ஒங்க நெஞ்சைப் பாக்கணும்னு சொன்னா என் நெஞ்சையா காட்டுறது?"

"இம்புட்டு வருசம் குடும்பம் நடத்தியாச்சு. இன்னும் ஒன் நெஞ்சு வேற, என் நெஞ்சு வேறயா?"

"ஆமா, பேச்சு மட்டும் நல்லா பேசுவீங்க," என்று சிரித்துக்கொண்டே ஒட்டிக்கொண்டாள்.

சிரித்திருக்க வேண்டாம். அன்றைக்கு ஒரு சண்டை போட்டிருக்கலாம்.

சாயங்காலம் வந்தவர் சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்தார். "நாளைக்குப் பாக்கலாம் புள்ள. சோலி முடியட்டும்." மறுநாளும் அதே பேச்சு. வாரம் பூரா பட்டை குஞ்சம்மாளோடுதான் தண்ணீர் எடுத்தது, அடுப்பு ஊதியது, தூங்கியது.

பிறகு கேத்தரின் வந்து, "அண்ணே, ஒங்க நெஞ்சு எளவட்டம் மாதிரில்ல ஓடுது!" என்றபோது, சோலைமுத்து பெண்டாட்டியைப் பார்த்துக் கண்ணடித்தார். குஞ்சம்மாளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"அப்போ வழக்கமான மாத்திரையே எழுதிடறேன்," என்று டாக்டர் பேனாவை எடுத்தார்.

"எழுதாதீங்கய்யா."

எல்லோரும் திரும்பினார்கள்.

"கேத்தரினம்மா, நீ மிஷினைக் கொறை சொல்லாத. அது சரியாத்தான் சொல்லுச்சு. கம்ப்யூட்டர்ல ஓடுனதுதான் என் நெஞ்சு."

"என்னக்கா சொல்றீங்க?"

"பட்டையை நான்தான் ஒட்டியிருந்தேன். வாரம் பூரா. அவர் மரத்துல இருந்தாரு."

"அம்மா!" மதன் கத்தினான். "அவருக்குத்தான் மரம் ஏறுற கிறுக்கு. ஒனக்குமா புத்தி கெட்டுப்போச்சு?"

டாக்டர் பேனாவை மூடினார். "இப்பவாவது சொன்னீங்களே. சிஸ்டர், புதுப் பட்டை ஒண்ணு ஒட்டுங்க. இந்தத் தடவை அவருக்கு."

இரண்டு நாள் கோடு ஒழுங்காகத்தான் ஓடியது. மூன்றாம் நாள் கேத்தரின் போனை நீட்டினாள். "இங்க பாருங்கக்கா. தப்புது."

ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கோடு, வழுக்குப் பாறையில் கால் வைத்தது போலத் தடுமாறிக்கொண்டிருந்தது.

டாக்டர் மாத்திரையை மாற்றினார். இன்னொரு அடைப்பு வராமல் காக்குமாம். கால் கொஞ்சம் வரலாம், பேச்சைப் பற்றி இப்போது சொல்ல முடியாது என்றார்.

"கேத்தரினம்மா, இந்த மாத்திரையைப் போன மாசமே குடுத்திருந்தா…"

கேத்தரின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். "சாப்பிட்டீங்களாக்கா?"

"ம்."

"சரிண்ணே, சோலி முடிஞ்சுது. இதை எடுத்துரலாம்," என்று அவள் பட்டையின் ஓரத்தை நெம்பினாள். சோலைமுத்து நல்ல கையால் அதைப் பொத்திக்கொண்டார். பிறகு மெதுவாக ஒரு விரலை நீட்டி, குஞ்சம்மாளின் நெஞ்சைக் காட்டினார். அடுத்து தன் நெஞ்சைக் காட்டினார். கோணிய வாய் இன்னும் கோணியது. சிரிக்கிறார்.

"அண்ணன் என்னக்கா சொல்றாரு?"

குஞ்சம்மாள் அந்த விரலைப் பிடித்து மடக்கிப் போர்வைக்குள் வைத்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. பழைய பேச்சு."