ராஜாவின் மகளும் தபால்காரரின் மகளும்

1957ஆம் வருஷம் புரட்டாசி முதல், மூவாயிரம் வருஷத்துக்கு முன் இறந்துபோன ராஜா ஒருவர் எழுதிய கடிதங்கள் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு வரும் தபால் பையில் வரத் தொடங்கின. மாதம் ஒன்று வரும். அரைச் செங்கல் அளவு சுட்ட மண்; அதன்மேல் சிட்டுக்குருவி நடந்தது போன்ற எழுத்து. கையில் பிடித்தாலே பொருள் விளங்கிவிடும். எழுதியவரைப் போலவே எப்போதோ இறந்துவிட்ட இன்னொரு ராஜாவுக்கு அது போகவேண்டும். "என் சகோதரனுக்கு. நானும் என் குதிரைகளும் சுகம். உனக்குக் கட்டிக்கொடுத்த என் மகள் உயிரோடு இருக்கிறாளா?" ஒவ்வொரு மாதமும் அதே கேள்விதான்.

"யோவ் பாண்டுரங்கம், ஸ்டாம்பும் இல்ல, ஒரு எழவும் இல்ல. ராஜாவுக்கு இதுகூடத் தெரியாதா? ஆள் இல்லன்னு எழுதித் திருப்பிவுடுய்யா" என்றார் போஸ்ட்மாஸ்டர் சீனுவாசன். திருப்பியது மூன்றாம் நாள் மறுபடி வந்து நின்றது.

ஒலக்கூர்ப் பக்கத்துத் தபால்காரர் பாண்டுரங்கனுக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. அவர் மகள் கிருஷ்ணவேணியை நாக்பூரில் மில் வேலை பார்ப்பவனுக்குக் கொடுத்து, இரண்டு வருஷமாக ஒரு கார்டும் இல்லை. அவர் எழுதியவை திரும்பி வந்தன. அவரே அவற்றைத் தம் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். மனைவி வெள்ளையம்மாள் கேட்பதை விட்டுவிட்டுப் பையை மட்டும் பார்ப்பாள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாருக்குக் கடிதம் படிக்கும்போது, அதில் இல்லாத அன்பான வரி ஒன்றைச் சேர்த்துப் படிப்பது பாண்டுரங்கனின் வழக்கம். அதைக் கடவுள் பாவத்தில் சேர்க்கமாட்டார் என்று நம்பினார். ஆகவே ஒருநாள் ஏரி மண்ணைப் பிசைந்து, துடைப்பக் குச்சியால் எழுதினார்: "உங்கள் மகள் சுகம். கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறாள். மல்லாட்டை வறுக்கும்போதெல்லாம் உங்களை நினைத்துக்கொள்கிறாள்." வேர்க்கடலைக்கு அந்தப் பக்கம் மல்லாட்டை என்றுதான் பெயர். தமக்கும் நாக்பூரில் ஒரு மகள் இருப்பதாகக் கடைசியில் எழுதினார், எதுவும் கேட்கவில்லை. அடுப்பில் சுட்டு விழுப்புரம் பையில் போட்டார்.

ராஜாவின் கடிதங்கள் நின்றன. 1960இல் பாண்டுரங்கன் நாக்பூர் போய்ப் பதினொரு நாள் தேடினார். மில் மூடிக் கிடந்தது. அந்தப் பெயரில் யாரையும் தெரியாது என்றார்கள்.

1964 தை மாதம் அவர் பெயருக்கே ஒரு மண் கடிதம் வந்தது. "என் சகோதரன் பாண்டுரங்கனுக்கு. என் தூதன் உன் மகளைப் பார்த்துவந்தான். சுகம். கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறாள். மல்லாட்டை வறுக்கும்போதெல்லாம் உன்னை நினைத்துக்கொள்கிறாள்." அந்த ராஜாவின் நாட்டில் மல்லாட்டை விளைந்ததே இல்லை. தாம் எழுதியது பொய்யென்று ராஜாவுக்கு அன்றே தெரிந்திருக்கிறது என்று பாண்டுரங்கனுக்குப் புரிந்தது. இருந்தும் வீட்டுக்குப் போய் ஒரு சொல் விடாமல் படித்தார்.

"அவளுக்கு மல்லாட்டைய கண்டாலே ஆவாதுங்களே" என்றாள் வெள்ளையம்மாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பாவம், அந்த ராஜா எங்க கண்டாரு? இன்னொரு வாட்டி படிங்க."

படித்தார். அதன்பின் மாதம் ஒரு கடிதம் போயிற்று, ஒன்று வந்தது. இரண்டு பெண்களும் சுகமாகவே இருந்தார்கள்.