கயிற்றின் கடைசி முனை

மலை ஏறும்போது வழிகாட்டி முன்னால் போக வேண்டும். இறங்கும்போது கடைசியில் வர வேண்டும். மேலே நிற்பவரால்தான் கீழே சறுக்குகிறவரைப் பிடித்து நிறுத்த முடியும். இருபத்தைந்து வருடமாக உர்சினா அந்தக் கடைசி இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. கணவன் ஜியோன் ரொட்டி சுடுகிறவன், அவனை விடுங்கள். மகள் ஃப்ளூரினா போன மாதம் வழிகாட்டித் தேர்வில் தேறியவள். அவளுக்கும் இல்லை.

போன குளிர்காலத்தில் அறுவை செய்த உர்சினாவின் முழங்கால் உச்சியிலேயே வீங்கத் தொடங்கிவிட்டது. அதைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை. சொன்னால் தன் பிழைப்பு இன்றோடு முடிந்தது என்று அவளுக்குப் பயம். பல்லைக் கடித்துக்கொண்டு, மூவரையும் கட்டிய கயிற்றில் கடைசி ஆளாக இறங்கினாள்.

வெயில் ஏறிப் பனி இளகியிருந்தது. குறுகிய முகட்டில் அவள் கால் ஒரு முழம் சறுக்கி, பனிக்கோடாலியில் நின்றது. அவள் விழுந்தால் மூவரும் போக வேண்டியதுதான்.

ஃப்ளூரினா ஒரு பாறையில் கயிற்றைச் சுற்றினாள். "அம்மா, நீ முன்னாடி போ."

"இறங்கறப்ப வழிகாட்டி கடைசியில வரணும். இதுகூடத் தெரியாமயா பாஸ் பண்ணே?"

"தெரியும். அதனாலதான் சொல்றேன்."

நடுவில் நின்ற ஜியோன் தொண்டையைச் செருமினான். "இத்தன வருஷமா எங்களப் பிடிச்சு வச்சிருக்கே. இன்னிக்கு நாங்க பிடிக்கிறோம். போ, எனக்குக் கால் நடுங்குது."

உர்சினாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் இடம் மாறினாள்.

பத்தாவது அடியில் முழங்கால் மடங்கியது. சறுக்கினாள். கயிறு இறுகி, அவளை அப்படியே நிறுத்தியது. மேலே மகள் குதிகாலைப் பனியில் ஊன்றி நின்றிருந்தாள்.

"பிடிச்சிருக்கேன்மா. மெதுவா எழுந்திரு."

அந்தக் குரலில் பதற்றமே இல்லை. உர்சினாவின் பயம் அங்கேயே இறங்கிப்போனது.

மலைக்குடிலில் குடில்காரன் லூத்ஸி பதிவேட்டை நீட்டினான். திரும்பியவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். வழிகாட்டி என்ற இடத்தில் காலையில் எழுதிய தன் பெயரை உர்சினா அடித்தாள்.

"எழுதினத அடிக்கக் கூடாது, உர்சினா."

"தப்பா எழுதியிருந்தா?"

அங்கே 'ஃப்ளூரினா கடுஃப்' என்று மகளின் முழுப்பெயரை எழுதினாள். கூட வந்தவர்கள் பகுதியில் ஜியோனுக்குக் கீழே தன் பெயரைச் சேர்த்தாள். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள், பசிதான் வந்தது.