ஏழாவது படம்

"கால ஆட்டாம இரு. அப்புறம் நகத்தோட விரலும் சேர்ந்து வந்துடும்."

"வந்தா வரட்டும். இனிமே நடந்து எங்க போகப் போறேன்?"

பெரியவள் தங்கையின் இடது பாதத்தைத் துடைத்துப் போர்வைக்குள் விட்டாள். வலது பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து ஒன்பது நாளாகிவிட்டது. இனி வீட்டில் இருப்பதுதான் நல்லது என்று டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் சின்னவள் கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டாள். அன்றிலிருந்து இந்த முன்னறையில்தான் படுக்கை. தெருவில் போகிறவர்களின் முகம் தெரியவேண்டும் என்று அவளே கேட்டு வாங்கிய இடம்.

முகம் பார்ப்பதுதான் அவள் தொழில். நாற்பத்தாறு வருடமாக ஃபோட்டோ எடுத்தாள். அந்த ஊரில் பாதிப் பேருடைய பாஸ்போர்ட்டில் இருப்பது அவள் எடுத்த படம். எத்தனை கடுகடுப்பான ஆள் வந்து உட்கார்ந்தாலும் "உங்களுக்கு நல்ல முகவெட்டு சார்" என்பாள். அவர் அதை நம்புவதா வேண்டாமா என்று யோசிக்கும் அந்த ஒரு நொடியில் எடுத்துவிடுவாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லு."

"அன்னிக்கு ஃபேக்டரியில நான் கேமராவ எடுத்தது உனக்காக இல்ல."

பெரியவளின் கையிலிருந்த நகவெட்டி நின்றது.

அந்தப் பேச்சை அவர்கள் இருவரும் எடுத்ததே இல்லை. அப்போது பெரியவளுக்கு இருபத்து நாலு வயது. சட்டை தைக்கிற ஃபேக்டரியில் காலர் பிரிவில் இருந்தாள். சின்னவள் இருபது வயதில் அங்கேயே ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் அடையாள அட்டை கொடுக்கப்போவதாகச் சொல்லி ஒரு ஸ்டுடியோக்காரரை வரவழைத்தார்கள். உச்சி வெயிலில், கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒவ்வொருத்தியாக நிறுத்தி, மூட்டை எண்ணுகிற வேகத்தில் எடுத்துத் தள்ளினார் அவர். அட்டை வந்தபோது பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பெரியவள் மட்டும் சிரிக்கவில்லை. படத்தில் ஒரு கண் மூடி, ஒரு கண் திறந்து, கோழி திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி இருந்தாள். இதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிய மாட்டேன் என்று மேஜை மேலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். அட்டை இல்லாவிட்டால் நாளை மறுநாளிலிருந்து உள்ளே வரவேண்டாம் என்றார் சூப்பர்வைசர்.

இன்னொரு ஷிஃப்ட் ஆட்களை எடுப்பதற்காகப் புது ஃபிலிம் போட்டு கேமராவை ஆபீசிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார் ஸ்டுடியோக்காரர். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் சின்னவள் வந்து அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஜன்னல் ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தாள். கேமராவுக்குப் பின்னால் குனிந்துகொண்டு, "காலையில என் குடைய எடுத்துட்டுப் போனது நீதானே?" என்று கேட்டாள். இல்லையென்று சொல்ல வாயெடுத்தாள் பெரியவள். டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

விஷயம் எப்படியோ காலர் பிரிவுக்குத் தெரிந்து, அங்கிருந்து பட்டன் பிரிவுக்குப் போய், மணி அடிப்பதற்குள் ஆபீஸ் வாசலில் இருபத்தைந்து முப்பது பேர் தலை வாரிக்கொண்டு நின்றார்கள். சின்னவள் ஒருத்தியையும் திருப்பி அனுப்பவில்லை. மானேஜர் வந்து பார்த்தபோதுகூட, "இதோ இவங்க ஒருத்தர்தான் சார்" என்று சொல்லி எடுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். அன்று மாலையே வேலை போய்விட்டது.

வீட்டில் அம்மா சின்னவளைத் திட்டவில்லை. "உன் மூஞ்சியால அவ வேலை போச்சு" என்று பெரியவளிடம்தான் சொன்னாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அது போதுமானதாக இருந்தது.

கேமராவைத் தொட்டதற்கு மன்னிப்புக் கேட்க மறுநாள் ஸ்டுடியோவுக்குப் போன சின்னவள் மத்தியானம் வரை வரவில்லை. அந்த ஆள் அவளை நிற்க வைத்துக்கொண்டே ஃபிலிமைக் கழுவியிருக்கிறார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "யாரு இவங்கள ஜன்னலோரமா உக்கார வைக்கச் சொன்னது?" என்று கேட்டிருக்கிறார்.

"யாரும் சொல்லல. அங்கதான் முகம் தெரிஞ்சுது."

"நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்துடு."

அப்படித்தான் அவள் ஃபோட்டோகிராஃபர் ஆனாள். முதல் வருடம் ஃபிலிம் கழுவுகிற தட்டுகளைத் தேய்த்தாள், ஃபிலிம் காயப்போட்டாள். மூன்றாவது வருடம் கைக்குழந்தைகளெல்லாம் அவளிடம்தான் வந்தன. பத்தாவது வருடம் பக்கத்துத் தெருவில் சொந்தமாக ஸ்டுடியோ போட்டாள். ஆனாலும் பெரியவள் மனசில் அது வேலை போன கதையாகவே தங்கிவிட்டது. நாற்காலி வேலையில் இருந்தவளைக் கால்கடுக்க நிற்கிற பிழைப்பில் தள்ளியது தன் முகம்தான் என்று. ஸ்டுடியோவுக்கு வேண்டிய திரையெல்லாம் அவள்தான் தைத்துக் கொடுத்தாள். கணவன் போன பிறகு தங்கையோடு வந்து தங்கியபோது, கேட்காமலே சமையலறையை எடுத்துக்கொண்டாள்.

"உனக்காக இல்லன்னா அப்புறம் யாருக்காக?" என்றாள் இப்போது.

"யாருக்காகவும் இல்ல. முந்தின நாள் சாயங்காலமே நான் அதத் தொட்டுட்டேன். எல்லாரும் போனப்புறம். என்னென்னமோ எடுத்தேன். ராத்திரி பூரா தூக்கம் வரல. காலையில எந்திரிச்சதுலேருந்து அத மறுபடி தொட என்ன வழின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ அட்டையத் தூக்கிப் போட்டுட்டு உம்முன்னு உக்காந்திருந்த. நல்ல சாக்காப் போச்சு."

"போடி."

"நெஜமா. உன் மூஞ்சி இல்லாட்டி வேற எவ மூஞ்சியாவது."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. அதே சமயம் கொஞ்சம் கோபமும் வந்தது. "ஊர்ல உள்ளவங்க கிட்டல்லாம் நல்ல முகவெட்டுன்னு சொல்லிச் சொல்லியே பொழச்சவ நீ. எனக்கும் அதே மருந்தா? கடைசியில என் மனசு ஆறட்டும்னு சொல்ற."

"நீ நம்ப மாட்டேன்னு எனக்குத் தெரியும்" என்றாள் சின்னவள். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகத்தில் ஏதோ குறும்பு இருந்தது. "கொஞ்சம் தூங்குறேன். நகம் அப்புறம் வெட்டிக்கலாம்."

பெரியவள் எழுந்து போய்க் கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவினாள். கொடியிலிருந்த துணிகளை எடுத்து மடித்தாள். நாலு மணி இருக்கும், திரும்பி வந்தபோது அறை முன்பு போலவேதான் இருந்தது. போர்வை மட்டும் ஏறி இறங்கவில்லை.

கிட்டப் போய், மூக்கின் அருகே கை வைத்துப் பார்த்தாள். நெற்றியைத் தொட்டாள். இன்னும் சூடு இருந்தது. யாருக்காவது சொல்ல வேண்டும் என்று தெரிந்தும் அவள் உடனே எழுந்து போகவில்லை. கட்டிலின் கடைசியில் உட்கார்ந்து, வலது காலின் மிச்ச நகங்களையும் வெட்டி முடித்தாள்.

மறுநாள் காலை கூடம் நிரம்பிவிட்டது. பெரியவள் எதிர்பார்த்த கூட்டம் இல்லை இது. கத்தரிக்காத மீசையோடு ஒரு லாரி டிரைவர் வந்து, லைசென்ஸை எடுத்துக் காட்டினார். "அவங்க எடுத்தது. போலீஸ்காரங்க இதப் பாத்தா கொஞ்சம் மரியாதையாப் பேசுவாங்க." ஓர் அம்மாள், தன் மூன்று பிள்ளைகளையும் பிறந்த வாரத்தில் எடுத்தது அவள்தான் என்றாள். மூன்றாவது பிள்ளை, நாற்பது வயது இருக்கும், பக்கத்தில் நின்று தலையாட்டினான். யாரும் பெரிதாக அழவில்லை. அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே யாராவது சிரித்துவிட்டார்கள். பெரியவளுக்கு அது தப்பாகத் தெரியவில்லை.

பத்து மணிக்கு ஒல்லி வந்தாள். இருபது வருடத்துக்கு முன்பு ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தபோது வைத்த பேர். இப்போது கதவில் ஒருக்களித்து நுழைகிற உடம்பு, பேர் மட்டும் மாறவில்லை. இனி அந்த ஸ்டுடியோ அவளுடையது. சின்னவளின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பெரியவளிடம் வந்தாள். கைப்பையிலிருந்து ஒரு சின்ன அலுமினிய டப்பாவை எடுத்தாள்.

"பெரியம்மா, இத உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க. போன வாரம் ஃபோன்ல. இரும்பு பீரோவுல மேல் தட்டுல இருக்கும்னாங்க. இருந்துச்சு."

"என்ன இது?"

"மொத ஃபிலிம் ரோல். அவங்க முதலாளி கடைசி வரைக்கும் வெட்டாம அப்படியே வச்சிருந்து அவங்ககிட்ட குடுத்தாராம். 'நான் சொன்னா அக்கா நம்ப மாட்டா, இதப் பாத்தா நம்புவா'ன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல."

பெரியவள் டப்பாவைத் திறந்தாள். சுருள் கையில் துள்ளியது. ஒரு நுனியை ஒல்லி பிடித்துக்கொள்ள, இன்னொரு நுனியைத் தான் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள்.

முதல் படம் வெறும் கலங்கல். இரண்டாவது மைப்புட்டி. மூன்றாவதில் வாட்ச்மேன் நாற்காலியில் வாய் பிளந்து தூங்கினார். நாலாவதிலும் அவரேதான், இன்னும் கிட்டத்தில். எடுத்தவள் நுனிக்காலில் நடந்து போயிருக்க வேண்டும். ஐந்தாவது தெரியாமல் அமுக்கியதாக இருக்கும், ஒரு செருப்பும் பாதி விரலும். ஆறாவது டைப் மெஷின், பக்கத்தில் மூடிய ஜன்னல், விளிம்பில் கசிகிற மாலை வெளிச்சம்.

ஏழாவதுதான் பெரியவள்.

"கழுத" என்றாள் பெரியவள். "நெஜத்தத்தான் சொல்லியிருக்கா."

அவள் தோள் குலுங்குவதைப் பார்த்து ஒல்லி பயந்துபோய் ஓர் அடி முன்னால் வந்தாள். பிறகுதான் அது சிரிப்பென்று தெரிந்தது. இத்தனை வருடம் தைத்த திரைகளை நினைத்தாளோ என்னவோ, பெரியவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல், நெடுநேரம் சிரித்தாள்.

"எட்டாவது யாரு பெரியம்மா?"

"பட்டன் தைக்கிறவ. ரொம்ப வாயாடி. இவ அவளுக்கு அடுத்த மெஷின்." ஒவ்வொருத்தியாகச் சொல்லிக்கொண்டே ஒல்லியின் பக்கமாக நகர்ந்தாள். நெகட்டிவில் கறுப்பெல்லாம் வெளுப்பாக இருந்தது. இருபது வயதும் இருபத்தைந்து வயதுமாக அந்தப் பெண்கள் எல்லோருக்கும் தலை பூராவும் வெள்ளை.

வாசலில் அமரர் ஊர்தி வந்து நின்றிருந்தது. நேரமாயிற்று என்று சொல்ல உள்ளே வந்த அதன் டிரைவர், ஜன்னலண்டை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, சொல்ல வந்ததைச் சொல்லாமல் நின்றார். ஃபிலிமின் நடுப்பகுதி தொய்ந்து தரையைத் தொடப் பார்த்தது. அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கிட்ட வந்து, படத்தின்மேல் படாமல், இரண்டு விரலால் அதன் ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டார்.